வாசனைக்குப் புதைபடிவம் உண்டா?

வெள்ளிக்கிழமை மாலை வீட்டில் குங்கிலியம் புகைத்தால் மறுநாள் காலை வரைக்கும் லேசாக மணக்கும், அப்புறம் இருக்காது. எலும்பு கல்லாகும். சங்கு கல்லாகும். சேற்றில் பதிந்த காலடித் தடம்கூடக் கல்லாகிக் கோடிக்கணக்கான ஆண்டுகள் கிடக்கும். வாசனை அப்படியில்லை, காற்றில் கலந்தது கலந்ததுதான். ஆனால் 2016இல் வெளியான ஓர் ஆய்வுக் கட்டுரை, 5.4 கோடி ஆண்டுகளுக்கு முன் இன்றைய குஜராத் இருக்கும் நிலத்தில் பறந்த ஒரு சின்னஞ்சிறு பூச்சி, வாசனை பரப்பித் துணையை அழைத்திருக்க வேண்டும் என்றது. அறிவியல் அதுவரை அறியாத இனம் என்பதால் அதற்குப் பெயரும் சூட்டினார்கள்: கேம்ப்டோப்டெரோஹீலியா ஓடோரா. இரண்டாவது சொல்லுக்கு லத்தீனில் ‘மணமுடையது’ என்று பொருள்.

அந்த மணத்தை முகர்ந்தவர் யாருமில்லை. இனி முகர வழியுமில்லை. பிறகு எந்தத் துணிச்சலில் இந்தப் பெயர்?

பூச்சியின் குடும்பம் நமக்குப் பழக்கமானதுதான். பொழுது சாயும் நேரத்தில் மாட்டுக்கொட்டில் பக்கமோ குளக்கரையிலோ நின்றால் கையிலும் காதோரத்திலும் சுருக்கென்று ஏதோ கடிக்கும். தட்டிப் பார்த்தால் கொசு இல்லை. வெறும் கறுப்புப் புள்ளி. கொசுவலைக் கண்களுக்குள் நுழைந்தும் வந்துவிடும். ‘பொடிக்கொசு’ என்று சொல்லிவிட்டுப் போகிறோம். கொசுவுக்கு உறவுதான் என்றாலும் இவை தனிக் குடும்பம். செரட்டோபோகோனிடே என்பது அதன் பெயர். உடல் நீளம் பெரும்பாலும் ஒன்றிலிருந்து நான்கு மில்லிமீட்டர். இந்தக் கட்டுரையில் சிற்றீ என்று வைத்துக்கொள்வோம்.

இன்று வாழும் சிற்றீக்களில் 6,000 இனங்களுக்கு மேல் பெயரிட்டிருக்கிறார்கள். அத்தனையும் நம்மைக் கடிப்பதில்லை. முதுகெலும்புள்ள விலங்குகளின் ரத்தத்தை நாடுபவை நான்கே நான்கு பேரினங்களில் அடங்கிவிடும், அவற்றிலும் பெண்கள் மட்டுமே. அந்த நான்கில் பேர்போனது குலிக்காய்டஸ். ஆடு வளர்ப்பவர்கள் அஞ்சும் நீலநாக்கு நோயின் வைரஸை ஓர் ஆட்டிலிருந்து இன்னொன்றுக்குக் கொண்டுபோவது இதுதான் என்று தென்னாப்பிரிக்காவின் டு டுவா 1944இல் காட்டினார். மற்றொரு பேரினமான போர்சிபோமியாவில் சில கோகோ மரத்துப் பூக்களுக்கு மகரந்தம் சுமக்கின்றன. சாக்லெட் தின்பவர்கள் சிற்றீயைத் திட்டுவதற்கு முன் இதை நினைத்துக்கொள்ளலாம். இன்னும் பல, தம்மளவே உள்ள பிற பூச்சிகளைப் பிடித்து உறிஞ்சும் வேட்டைக்காரிகள். இவற்றுள் சில இனங்களில் கூடல் நடக்கும்போதே பெண் தன் ஆணின் தலையில் வாயுறுப்பைக் குத்தி உள்ளே இருப்பதை உறிஞ்சி முடித்துவிடும். ஆண் தவறான பெண்ணிடம் போனாலும் இழப்பு, சரியான பெண்ணிடம் போனாலும் இழப்பு என்ற நிலை. அப்படிப்பட்ட குடும்பத்தில் யாரை யார் எப்படி அழைக்கிறார்கள் என்பது சின்ன விஷயமில்லை.

நம்முடைய பூச்சி கிடைத்தது கம்பே அம்பரில். அம்பர் என்பது மரத்திலிருந்து வடிந்த பிசின் மண்ணில் புதைந்து, காலப்போக்கில் இறுகிப்போனது. குஜராத்தின் சூரத் மாவட்டத்தில் வஸ்தான், தட்கேஷ்வர் என்ற இடங்களில் பழுப்பு நிலக்கரிச் சுரங்கங்கள் உள்ளன; நெய்வேலியில் வெட்டியெடுக்கிறோமே, அதே வகை நிலக்கரி. அந்த அடுக்குகளுக்கிடையே அம்பர்க் கட்டிகள் கிடக்கின்றன. சுமார் 150 கிலோ அம்பரைச் சேகரித்து அலசியதில் 700க்கும் மேற்பட்ட பூச்சி, சிலந்தி வகையறாக்கள் அகப்பட்டன என்று 2010இல் இந்திய, ஜெர்மானிய, அமெரிக்க ஆய்வாளர்கள் அறிவித்தார்கள். ஒரு கிலோவுக்கு ஐந்து பூச்சி கூடத் தேறவில்லை என்பதைக் கணக்குப் போட்டால் அந்த வேலையின் பொறுமை புரியும்.

5.4 கோடி ஆண்டு என்று எப்படிச் சொல்கிறார்கள்? அம்பரை நேரடியாக அளந்து அல்ல. கார்பன் காலக்கணிப்பு ஏறத்தாழ 50,000 ஆண்டுகளுக்கு மேல் செல்லாது. அதற்கப்பால் அளக்கத் தேவையான கதிரியக்கக் கார்பன் மிச்சமிருக்காது. ஆகவே அம்பரை விட்டுவிட்டு, அது கிடந்த அடுக்கைக் கேட்கிறார்கள். அந்தக் காலத்தில் அப்பகுதி கடலோரச் சதுப்பு. கடல் ஏறி வந்தபோதெல்லாம் நுண்ணுயிர்களின் ஓடுகள் களிமண்ணோடு படிந்தன. எந்த நுண்ணுயிர் உலகில் எப்போது தோன்றி எப்போது மறைந்தது என்ற வரிசை, பல நாடுகளின் பாறைகளை ஒப்பிட்டு ஏற்கெனவே தயாராக இருக்கிறது. குஜராத் அடுக்கில் உள்ளவற்றை அந்த வரிசையில் பொருத்தினால் இயோசீன் என்னும் காலகட்டத்தின் தொடக்கம் என்று விடை வருகிறது. அம்பரின் வயது, அதன் அக்கம்பக்கத்தாரின் வயது.

எந்த மரத்துப் பிசின் என்பதற்கும் விடை உண்டு. அம்பரைச் சூடாக்கி, பிரியும் மூலக்கூறுகளை எடை வாரியாக இனங்காணும் கருவியில் கொடுத்தால், கேடினீன் என்னும் சேர்மத்தின் சங்கிலிகள் தெரிகின்றன. இந்தச் சங்கிலி இன்று டிப்டெரோகார்ப் குடும்பத்து மரங்களின் பிசினுக்கு அடையாளம். சால மரம் அந்தக் குடும்பம். குங்கிலியம் அதன் பிசின். அதாவது நம் பூச்சி மூழ்கியது, நாம் வெள்ளிக்கிழமை புகைக்கும் பொருளின் மூதாதைக்குள். ஆசியாவின் டிப்டெரோகார்ப் மழைக்காடுகளுக்கு அதுவரை சான்றுகள் காட்டிய வயதைக் கம்பே அம்பர் ஒரே தாவில் ஏறத்தாழ இரு மடங்காக்கியது. பூச்சிகள் ஒன்றுகூட அகப்படாமல் போயிருந்தாலும் அந்த அம்பர் பேசப்பட்டிருக்கும்.

இனி, ஒரு பூச்சியைப் ‘புதிய இனம்’ என்று அறிவிப்பது எப்படி என்பதற்கு வருவோம். கண்டுபிடிப்பு என்றதும் காட்டில் வலை வீசும் காட்சிதான் நினைவுக்கு வரும். உண்மையில் பெரும்பகுதி நூலகத்திலும் நுண்ணோக்கியின் முன்பும் நடக்கிறது. புதியது என்று சொல்வதற்கு, இதுவரை பெயரிட்ட எதனோடும் இது ஒத்துப்போகவில்லை என்று காட்ட வேண்டும். அதற்கு முதலில் இதுவரை பெயரிட்டவை அத்தனையும் தெரிந்திருக்க வேண்டும். குடும்பத்துக்கு ஒரு சிலரே உலகில் இப்படித் தெரிந்தவர்கள் இருப்பார்கள். ஓடோராவை அறிவித்த ஆய்வுக் கட்டுரையின் முதலாசிரியர் ஜெர்மனியின் போன் பல்கலைக்கழகத்தில் பணியாற்றிய பிராவுகே ஸ்டெப்னர். இணையாசிரியர்களில் ஒருவரான போலந்தின் ரிஷார்ட் சாட்ஜெவ்ஸ்கி, அம்பர்ச் சிற்றீக்களோடு வாழ்நாளைக் கழித்தவர். இந்தியத் தரப்பில் லக்னோவின் பீர்பல் சாஹ்னி தொல்லறிவியல் நிறுவனத்தைச் சேர்ந்த ஹுகம் சிங்.

உயிருள்ள சிற்றீயாக இருந்தால் வழி சுலபம். பூச்சியை ரசாயனத்தில் ஊறவைத்துத் தசையைக் கண்ணாடிபோல் ஆக்கி, தலை, இறக்கை, வயிறு என்று நுண்ணிய ஊசியால் பிரித்துக் கண்ணாடிச் சில்லில் பரப்பிவிடுவார்கள். உணர்கொம்பின் கணுக்கள் ஒவ்வொன்றின் நீளம், இறக்கை நரம்புகளின் ஓட்டம், கால் நகங்களின் வடிவம், பெண்ணின் வயிற்றுக்குள் விந்தைச் சேமிக்கும் பைகள் எத்தனை என்பது வரை எண்ணி எழுதுவார்கள். சந்தேகம் தீராவிட்டால் மரபணுத் துண்டு ஒன்றை வாசித்து ஒப்பிடலாம். உருவத்தில் பிரிக்கவே முடியாத சிற்றீ இனங்கள் அப்படித்தான் பிரிந்தன. அம்பருக்குள் இருப்பதை இப்படியெல்லாம் செய்ய முடியாது. ‘ஜுராசிக் பார்க்’ படம் வந்த 1990களில் அம்பர்ப் பூச்சியிலிருந்து மரபணு எடுத்துவிட்டோம் என்று சிலர் அறிவித்ததுண்டு. வேறு ஆய்வகங்கள் செய்து பார்த்தபோது அது திரும்ப வரவில்லை. இன்றுவரை படித்தறிந்த மிகப் பழைய மரபணு, கிரீன்லாந்தின் உறைமண்ணில் கிடைத்த சுமார் 20 லட்சம் ஆண்டுப் பழமையானது. 5.4 கோடி எங்கே, 20 லட்சம் எங்கே!

எனவே மிஞ்சுவது உருவம் மட்டும். அம்பர்த் துண்டைப் பூச்சிக்கு மிக அருகே வரை வெட்டி, தேய்த்து, மெருகேற்றிப் பார்க்கிறார்கள். காற்றுக் குமிழியும் விரிசலும் குறுக்கே வரும். நுண்ணோக்கிக்கு எட்டாத இடத்தை எக்ஸ் கதிர்களால் பல கோணங்களில் படமெடுத்து, கணினியில் முப்பரிமாண உருவாக அடுக்கலாம், மருத்துவமனை சி.டி. ஸ்கேன் செய்யும் அதே வேலை, மில்லிமீட்டரின் ஆயிரத்தில் ஒரு பங்கு நுணுக்கத்தில். கம்பே அம்பருக்கு இன்னொரு விசித்திரமும் உண்டு. பால்டிக் கடற்கரை அம்பர் முற்றாக இறுகியது. கம்பே அம்பர் அவ்வளவு இறுகவில்லை. குளோரோபார்ம் போன்ற கரைப்பானில் அது கரைந்தேவிடும். உள்ளே இருக்கும் பூச்சியை முழுசாக வெளியே எடுத்துவிடலாம். கேட்க நன்றாக இருக்கிறது, ஆனால் உலகிலேயே ஒன்றே ஒன்று இருக்கும் பூச்சியில் அந்தச் சோதனையைச் செய்ய எவருக்கும் கை வராது.

ஒன்றே ஒன்று இருந்தாலும் இனம் அறிவிக்கலாம், விதிகள் அனுமதிக்கின்றன. அந்த ஒன்று ‘ஹோலோடைப்’ ஆகிவிடும், அதாவது பெயரைத் தாங்கும் மூலமாதிரி. இனி எவராவது ஓடோரா என்று எதையாவது சொன்னால், அது இந்த மாதிரியோடு ஒத்துப்போகிறதா என்பதே கேள்வி. இனவிளக்கம் எழுதுவோர் ஏன் அவ்வளவு வறட்டுத்தனமாக, கணுக் கணுவாக எழுதுகிறார்கள் என்று நானும் சலித்துக்கொண்டதுண்டு. அதை மறுக்க நினைப்பவருக்கு வசதி செய்து கொடுக்கும் எழுத்து அது. ஒவ்வொரு வரியும் மாதிரியைக் கையில் எடுத்துச் சரிபார்க்கக்கூடியது.

கேம்ப்டோப்டெரோஹீலியா என்ற பேரினம் இந்தப் பூச்சிக்காகப் புதிதாக உண்டாக்கப்பட்டதல்ல. தென்கிழக்காசியாவில் இன்றும் வாழும் சிற்றீக்களை வைத்து ஏற்கெனவே வகுத்தது. ஆக, பேரினம் பழையது, இனம் புதியது. அம்பரில் இருந்தது ஒரு பெண். அதன் இறக்கைதான் எல்லோரையும் நிறுத்திவைத்தது. சிற்றீயின் இறக்கை பொதுவாக ஒரு தட்டையான சவ்வு, நாலைந்து நரம்புகள், மேலே பொடி மயிர்கள், அவ்வளவுதான். இதன் இறக்கையிலோ முன்விளிம்பை ஒட்டிச் சவ்வு மடிந்து பையாகியிருந்தது, அதோடு சேர்ந்து மயிர்க்கொத்தும் இருந்தது.

இங்கிருந்து வாசனைக்குப் போவது ஒரு படியில் நடப்பதில்லை. ஒவ்வொரு படியும் முந்தையதைவிடக் கொஞ்சம் தளர்ந்தது.

பை இருக்கிறது; இது முதல் படி, இதில் தகராறில்லை. பிசினில் சிக்கித் துடித்தபோது இறக்கை கசங்கிவிட்டதோ? கசங்கல் கண்டபடி வரும். நரம்புகளையும் மயிர்களையும் இத்தனை ஒழுங்காக வைத்துக்கொண்டு வராது. வாழும் உறவினங்களின் இறக்கையும் இதேபோல மாறியமைந்திருக்கிறது. ஆகவே அது உறுப்பு. இரண்டாவது படியும் உறுதி.

அந்த உறுப்பு எதற்கு? இது மூன்றாவது படி, இங்கேதான் ஊகம் தொடங்குகிறது. சுவடில்லாமல் புகை போய்விட்ட வீட்டில் தூபக்கால் மட்டும் கிடைத்தால் என்ன நினைப்போம்? புகையின் வாசனை தெரியாது, என்ன போட்டார்கள் என்றும் தெரியாது. புகைத்தார்கள் என்று மட்டும் அந்தப் பாத்திரத்தின் வடிவம் சொல்லும். ஆனால் அதற்கு, தூபக்கால் எப்படி இருக்கும் என்று வேறு வீடுகளில் நாம் பார்த்திருக்க வேண்டும். பூச்சி உலகில் அந்த வேறு வீடுகள் உண்டு.

எருக்கஞ்செடியில் முட்டையிடும் வெந்தய வரியன் பட்டாம்பூச்சியைத் தமிழ்நாட்டில் எங்கும் பார்க்கலாம். ஆணின் பின்னிறக்கையில் கூடுதலாக ஒரு கறுப்புத் திட்டு இருக்கும். உற்றுப் பார்த்தால் அது ஒரு சிறு பை. வயிற்று நுனியிலிருந்து நீளும் மயிர்க்கற்றையை ஆண் அந்தப் பையில் தோய்த்தெடுத்து, பெண்ணின் அருகே விரித்து வாசனையைத் தூவும். அந்த வாசனைக்கு மூலப்பொருளைக் கிலுகிலுப்பை போன்ற செடிகளிலிருந்து அது உறிஞ்சிச் சேர்க்கிறது. இவையெல்லாம் உயிருள்ள பூச்சிகளில், வேதியியல் கருவிகளோடு பார்த்தறிந்தவை. குளியலறைச் சுவரில் அப்பிக்கிடக்கும் அந்துப்பூச்சி மாதிரியான சின்ன ஈக்களின் உறவினங்கள் சிலவற்றிலும் இறக்கை மடிப்புகள் உண்டு. பையும் மயிரும் சேர்ந்து இருப்பதில் காரணம் இருக்கிறது: பை சேமிக்கிறது, காற்று அடித்துப் போகாமல் காக்கிறது, மயிர்கள் பரப்பளவைப் பெருக்கி ஆவியாக்குகின்றன. இறக்கையில் இருப்பதால் ஒவ்வோர் அடிப்பும் ஆவியை வீசிவிடும். சில சிற்றீக்கள் நொடிக்கு ஆயிரம் தடவைகூட இறக்கை அடிப்பவை.

பட்டாம்பூச்சியும் சிற்றீயும் நெருங்கிய உறவில்லை. ஒரே தேவைக்கு இரண்டும் தனித்தனியே ஒரே மாதிரி உறுப்பை வளர்த்துக்கொண்டன என்றால் அது குவிபரிணாமம். ஆய்வுக் கட்டுரையின் வாதமும் அதுதான்: இறக்கையில் வாசனை உறுப்பு சிற்றீக்களில் தனியாகவே தோன்றியிருக்கிறது.

நான்காவது படி, அந்த வாசனை துணையை அழைக்கத்தான் என்பது. ஒரே இனத்தவருக்குள் செய்தி சொல்லும் வேதிப்பொருளுக்குப் பெரோமோன் என்று 1959இல் பெயரிட்டார்கள். தமிழில் அழைப்பு மணம் எனலாம். பெரும்பாலான சிற்றீக்களில் ஆண்கள் மாலையில் கூட்டமாக ஓரிடத்தில் சுழன்று பறக்கும். பெண் அதற்குள் வந்து நுழையும். தூவிபோன்ற உணர்கொம்பால் ஆண் அவள் இறக்கையின் ரீங்காரத்தைக் கேட்டு அடையாளம் காணும். அங்கே முதலிடம் ஒலிக்கு. இருந்தாலும் குலிக்காய்டஸ் இனங்கள் சிலவற்றில் பெண்ணின் உடலிலுள்ள வேதிப்பொருள் ஆணைத் தூண்டுவதைச் சோதனைகளில் கண்டிருக்கிறார்கள். பை பெண்ணிடம் இருப்பதும் பொருந்திவருகிறது. எதிரியை விரட்டும் நாற்றமாக இருக்கக் கூடாதா என்றால், இருக்கலாம்தான். ஆய்வாளர்களும் இதை ‘மறைமுகச் சான்று’ என்றே எழுதினார்கள். செய்தித்தாள்களில் அந்த ‘மறைமுக’ காணாமற்போய் ‘வாசனைத் திரவியம் பூசிய பூச்சி’ ஆகிவிடும், அது வழக்கம்.

பெயர் மட்டும் மூன்றாவது, நான்காவது படிகளின் மேல் நிற்கிறது. நாளை அந்தப் பை வேறெதற்கோ என்று தெரியவந்தாலும் ஓடோரா ஓடோராவாகவே இருக்கும். விலங்குப் பெயர் விதிகள் பெயர் தனித்துவமாக இருக்க வேண்டும் என்று கேட்கின்றன, உண்மையாக இருக்க வேண்டும் என்று கேட்பதில்லை. சொர்க்கப் பறவை ஒன்றுக்கு லின்னேயஸ் 1758இல் ‘காலில்லாதது’ என்று பொருள்படும் அபோடா என்ற பெயரை வைத்தார். ஐரோப்பாவுக்கு வந்த தோல்களில் கால்களை வெட்டிவிட்டிருந்தார்கள். கால்கள் இருப்பது தெரிந்து பல தலைமுறை ஆன பின்னும் அது பாரடைசியா அபோடாதான்.

வாசனையைவிட எனக்குச் சுவையாகப் படுவது இந்தப் பூச்சியின் முகவரி. இந்தியா மடகாஸ்கரிலிருந்து பிரிந்து, பல கோடி ஆண்டுகள் பெருங்கடலில் தனித் தீவாக வடக்கே நகர்ந்து, ஆசியாவோடு மோதியது என்று பள்ளியில் படிக்கிறோம். அத்தனை காலம் தனித்துக் கிடந்த நிலத்தில், வேறெங்கும் இல்லாத பூச்சிகள் நிறைந்திருக்க வேண்டும். மோதல் தொடங்கிய காலத்தையொட்டிய கம்பே அம்பரில் அதைத்தான் எதிர்பார்த்தார்கள். வந்ததோ எதிர்மாறு. சிற்றீக்களை மட்டும் எடுத்து 2017இல் அதே குழு வெளியிட்ட விரிவான ஆய்வில், அவற்றின் பேரினங்கள் பால்டிக் அம்பரிலும் சீனத்து அம்பரிலும் இன்றைய ஆசியக் காடுகளிலும் உறவினர்களை வைத்திருந்தன. ஒரு மில்லிமீட்டர் பூச்சி தானாகப் பறந்து கடல் தாண்டாது, காற்று தூக்கிப்போகும். இடையே தீவு வரிசைகள் இருந்திருந்தால் அந்தப் பயணம் எளிது. இந்தியா கரை சேர்வதற்கு முன்பே அதன் பூச்சிகள் போக்குவரத்தைத் தொடங்கிவிட்டன என்று தோன்றுகிறது. கண்டங்கள் எப்போது தொட்டுக்கொண்டன என்று பாறைகளை வைத்து வாதிடுவோருக்கு, உயிரினங்கள் அதுவரை காத்திருக்கவில்லை என்பது ஒரு சங்கடமான தகவல்.

வாசனைக் கேள்வியைத் தீர்க்க வழி இருக்கிறதா? அம்பருக்குள் இல்லை. வாழும் உறவினத்தில் இருக்கிறது. அழைப்பு மணத்தை முதன்முதலில் வேதிப்பொருளாகப் பிரித்தெடுத்தவர் ஜெர்மானிய வேதியியலாளர் அடால்ப் புட்டெனான்ட். 1959இல் அவர் அறிவித்த பாம்பிகாலுக்காக 5 லட்சம் பெண் பட்டுப்பூச்சி அந்துகளின் சுரப்பிகளைச் சேர்க்க வேண்டியிருந்தது. இன்று அந்தக் கொள்ளை வேண்டாம். பெண்ணின் இறக்கைப் பையைக் கழுவிய சாற்றை வாயுப் பகுப்பு நிறவரைவியில் செலுத்தினால் அதிலுள்ள சேர்மங்கள் ஒவ்வொன்றாகப் பிரிந்து வெளியேறும். வெளியேறும் வாயிலில் ஆணின் உணர்கொம்பை இரு மின்முனைகளுக்கிடையே பொருத்திவிட்டால், எந்தச் சேர்மம் வரும்போது அதில் மின்துடிப்பு எழுகிறதோ அதுவே அந்த ஆணின் மூக்குக்குப் புரிந்தது. உணர்கொம்பின் மின்துடிப்பை அளப்பது பட்டுப்பூச்சியில் 1950களிலேயே தொடங்கிய முறை. சிற்றீயின் உணர்கொம்பு அதைவிட எவ்வளவோ சிறியது என்றாலும் குலிக்காய்டஸில் செய்து பார்த்திருக்கிறார்கள். கேம்ப்டோப்டெரோஹீலியாவில் செய்ய, தென்கிழக்காசியக் காடொன்றில் அதை உயிரோடு பிடிக்க வேண்டும், ஆணும் பெண்ணுமாக.